பன்னிரு மாலுமிகள் சொன்ன தீர்ப்பு

கடற்போர் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது என்ன? பீரங்கிப் புகை! முறிந்து விழும் பாய்மரம்! வாளேந்தி எதிரியின் கப்பல் மீது தாவும் வீரர் கூட்டம்! ஏடுகள் அப்படித்தான் எழுதின. ஓவியங்கள் அப்படித்தான் தீட்டின. ஆனால், 18-ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் மாலுமி எதிரியின் குண்டைவிட அதிகமாக அஞ்சிய எதிரி ஒன்று உண்டு. அதற்குக் கப்பல் இல்லை, கொடி இல்லை, முரசொலி இல்லை. அது அவனுடைய வாய்க்குள்ளேயே குடிபுகுந்து, அவனை உள்ளிருந்தே உருக்குலைத்தது. அதன் பெயர் ஸ்கர்வி.

கரையை விட்டுக் கிளம்பி ஆறு வாரம், எட்டு வாரம் ஆகும். உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியும், கல்லைப் போன்ற கப்பல் ரொட்டியும்தான் உணவு. காய் இல்லை, கனி இல்லை, கீரை இல்லை. முதலில் மாலுமிக்கு உடல் சோரும்; முழங்கால் தளரும். பிறகு ஈறு வீங்கும், கறுக்கும், அழுகும்; பற்கள் ஆடும். தொடையிலும் காலிலும் கருநீலத் திட்டுகள் படரும். எப்போதோ ஆறிப்போன பழைய புண் மீண்டும் வாய் திறக்கும். எழுந்து நிற்க முயன்றவன் நின்ற இடத்திலேயே விழுந்து மடிவதும் உண்டு.

யார் இந்த மாலுமிகள்? சீமான் வீட்டுப் பிள்ளைகளா? இல்லை, தோழர்களே! துறைமுகத் தெருக்களில் ஆள்பிடிக்கும் கும்பல்கள் இழுத்து வந்த ஏழைகளும், வேறு பிழைப்பின்றிக் கப்பலேறிய உழைப்பாளிகளுமே அவர்களில் மிகப் பலர். நோயின் முதற்குறி சோர்வு. அந்தச் சோர்வைச் சோம்பல் என்று பெயர் சூட்டினர் அதிகாரிகள். சோம்பலே நோய்க்குக் காரணம் என்று எழுதிய மருத்துவர்களும் இருந்தார்கள். செத்துக்கொண்டிருந்தவனை வேலைக்கு ஏய்ப்பவன் என்றார்கள்! உழைப்பவன் நோயுற்றால் பழியும் அவன் தலையில்தான் என்பது அந்நாளிலேயே வழக்காக இருந்தது.

1740-ஆம் ஆண்டு, ஜார்ஜ் ஆன்சன் என்ற தளபதியின் தலைமையில் ஒரு கடற்படைப் பிரிவு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. ஏறத்தாழ 1,900 பேர் சென்றனர். உலகைச் சுற்றி 1744-இல் ஆன்சன் திரும்பினார். ஸ்பானியக் கப்பலிலிருந்து கைப்பற்றிய வெள்ளியை வண்டி வண்டியாக லண்டன் வீதியில் ஊர்வலம் விட்டனர். மக்கள் ஆரவாரம் செய்தனர். ஆனால், போனவர்களில் 1,300-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. எதிரியின் குண்டுக்கு இரையானவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்களைத் தின்றது நோய். அதிலும் பெரும்பங்கு ஸ்கர்வி. வெள்ளி வந்தது வண்டியில். மாலுமிகள் போனது கடலடிக்கு.

இந்தக் கொடுமைக்கு எதிராக ஒருவர் எழுந்தார். அவர் ஜேம்ஸ் லிண்ட். கப்பலில் காயத்துக்குக் கட்டுக்கட்டும் ரண வைத்தியராக இருந்தவர். அவருடைய வாழ்க்கையை இன்று நாம் எடுத்துக்கொள்வது, எலுமிச்சம் பழத்தின் பெருமை பேச அல்ல. ஒரு மருந்து வேலை செய்கிறதா, செய்யவில்லையா என்பதை எப்படி அறிவது என்ற கேள்விக்கு வழி காட்டியவர் என்பதால். அந்த வழியில் அவரே ஓரிடத்தில் தடுமாறினார் என்பதாலும்தான். வெற்றியிலும் பாடம் உண்டு. தடுமாற்றத்திலும் பாடம் உண்டு.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், 1716-ஆம் ஆண்டு, வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார் லிண்ட். 15-ஆம் வயதில், 1731-இல், அந்நகரின் ரண வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். 1739-இல் கடற்படையில் உதவி வைத்தியர். மத்தியதரைக் கடல், ஆப்பிரிக்காவின் கினி கடற்கரை, மேற்கிந்தியத் தீவுகள் என்று ஆண்டுக்கணக்கில் அலைகடல் மேல் வாழ்ந்தார். நோயை அவர் ஏட்டில் படிக்கவில்லை. தளத்துக்குக் கீழே, வெளிச்சம் புகாத இடுக்கில், தொங்கு படுக்கைகளில் கிடந்த மனிதர்களிடம் பார்த்தார்.

அந்நாளில் ஸ்கர்விக்கு மருந்தே இல்லையோ என்று கேட்பீர்கள். மருந்துக்கா பஞ்சம்! மருந்துகள் மலிந்திருந்தன! கெட்ட காற்றால் வருகிறது என்றார் ஒருவர். ஈரத்தால் என்றார் மற்றொருவர். உப்பால் என்றார் இன்னொருவர். குருதி வாங்கினர் சிலர். கடல்நீரைக் குடிக்கச் சொன்னார்கள் சிலர். கடற்படையின் மருந்துப் பெட்டியில் கந்தகத் திராவகத்தை நீர்த்துச் செய்த மருந்து நிலையான இடம் பிடித்திருந்தது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு பெரிய மனிதரின் பரிந்துரை இருந்தது. ஒவ்வொரு மருந்தையும் உண்டு பிழைத்தவன் ஒருவனும் இருந்தான்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். உண்டு பிழைத்தவன் இருக்கும்போது மருந்தை ஏன் ஐயுற வேண்டும்? ஒரு கப்பலை எண்ணிப் பாருங்கள். நடுக்கடலில் நூறு பேர் படுத்துவிட்டனர். வைத்தியர் திராவகம் கொடுக்கிறார். சில நாளில் கப்பல் ஒரு தீவை அடைகிறது. மாலுமிகள் கரையிறங்கிக் கண்ணில் பட்ட கீரையையும் கனியையும் தின்கிறார்கள், தேறுகிறார்கள். வைத்தியரின் குறிப்பேட்டில் என்ன ஏறும்? திராவகம் கொடுத்தேன், நோய் தீர்ந்தது என்றுதான் ஏறும். அவர் பொய்யர் அல்ல, கண்டதைத்தான் எழுதுகிறார். ஆனால், மருந்துக்குப் பின் குணம் வந்தது என்பது வேறு. மருந்தால் குணம் வந்தது என்பது வேறு. சேவல் கூவியபின் பொழுது விடிகிறது. சேவலா விடிய வைக்கிறது?

இந்த வேற்றுமையைப் பிரித்தறியச் சொல்வன்மை போதாது, பட்டம் போதாது, வயதும் போதாது. தராசு வேண்டும். தராசுக்கு இரண்டு தட்டு வேண்டும். ஒரு தட்டை மட்டும் தூக்கிக் காட்டி இது கனக்கிறது என்பவன் வணிகனாக இருக்கலாம். உண்மை தேடுபவனாக இருக்க முடியாது. லிண்ட் அந்த இரண்டாம் தட்டைக் கொண்டுவந்து மாட்டினார். உண்மையில் ஆறு தட்டுகளை மாட்டினார்!

1747-ஆம் ஆண்டு. லிண்ட் அப்போது சாலிஸ்பரி என்ற போர்க்கப்பலின் வைத்தியர். கப்பல் கடலில் வாரக்கணக்கில் திரிந்துகொண்டிருந்தது. மாலுமிகள் ஸ்கர்வியால் விழத் தொடங்கினர். மே 20-ஆம் நாள், நோய் முற்றிய பன்னிருவரை அவர் தேர்ந்தெடுத்தார். எப்படிப்பட்ட பன்னிருவர்? கூடுமானவரை ஒரே நிலையில் இருந்தவர்கள்: எல்லாருக்கும் ஈறு அழுகல், எல்லாருக்கும் உடலில் திட்டு, எல்லாருக்கும் முழங்காலில் தளர்ச்சி. அவர்களை ஒரே இடத்தில் படுக்க வைத்தார். ஒரே உணவு கொடுத்தார்: காலையில் சர்க்கரையிட்ட கஞ்சி, பகலில் ஆட்டிறைச்சிச் சாறு போன்றவை, இரவில் பார்லியும் உலர்ந்த திராட்சையும், அரிசி, சவ்வரிசி. நோய் ஒன்று, இடம் ஒன்று, உணவு ஒன்று. வேறுபட்டது மருந்து மட்டுமே!

இருவர் இருவராக ஆறு கூட்டம். முதல் இருவருக்கு, சைடர் எனும் ஆப்பிள் மது, நாளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். அடுத்த இருவருக்குக் கந்தகத் திராவக மருந்து, வேளைக்கு 25 துளி, நாளுக்கு மூன்று வேளை. அடுத்த இருவருக்குக் காடி, வேளைக்கு இரண்டு கரண்டி, மூன்று வேளை. அடுத்த இருவருக்குக் கடல்நீர், நாளுக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல். அடுத்த இருவருக்கு, ஆளுக்கு நாள்தோறும் இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சை. கடைசி இருவருக்குப் பூண்டு, கடுகு, வெள்ளைப்போளம் முதலியவற்றை அரைத்துச் செய்த லேகியம், ஜாதிக்காய் அளவு, மூன்று வேளை. அதோடு புளி கரைத்த பார்லித் தண்ணீர். ஆம், நம் சமையற்கட்டுப் புளியேதான்! அதுவும் அந்தப் பந்தயத்தில் ஓடியது.

முடிவு என்ன? பழம் தின்ற இருவரும் ஆறே நாளில் வேறு மனிதர்களாயினர். ஆறு நாளோடு கப்பலில் கையிருப்புப் பழமும் தீர்ந்துவிட்டது. ஆனால், அதற்குள் ஒருவன் மறுபடி வேலைக்குச் செல்லும் நிலைக்கு வந்தான். மற்றவன் நன்கு தேறி, ஏனைய நோயாளிகளைக் கவனிக்கும் பணியில் அமர்த்தப்பட்டான். சைடர் குடித்தவர்களிடம் சிறிது முன்னேற்றம். திராவகம், காடி, கடல்நீர், லேகியம் ஆகியவற்றால் குறிப்பிடத்தக்க பயன் ஏதுமில்லை. மருந்துப் பெட்டியில் மதிப்போடு வீற்றிருந்த திராவகத்துக்குத் தோல்வி. கூடையில் கிடந்த பழத்துக்கு வெற்றி! தீர்ப்பளித்தவர் யார்? நோயாளிகளின் உடல்களே!

எலுமிச்சை ஸ்கர்வியைத் தீர்க்கும் என்பது லிண்டின் கண்டுபிடிப்பு அல்ல. 1601-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற்பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் லங்காஸ்டர், தம் கப்பல் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். உடன் சென்ற மூன்று கப்பல்களில் ஆட்கள் துவண்டு விழ, அவர் கப்பல் ஆட்கள் தெம்போடு நின்றனர். இருந்தும் அந்த அறிவு ஏன் நிலைக்கவில்லை? நூறு மருந்துகளின் சந்தையில் அதுவும் ஒரு கூவலாகக் கரைந்துபோயிற்று. லிண்ட் செய்தது, எல்லா மருந்துகளையும் அருகருகே நிறுத்தி, ஒரே அளவுகோலால் அளந்தது. அவர் பெருமை பழத்தில் இல்லை; அந்த அளவுகோலில் இருக்கிறது.

சரி, அந்த அளவுகோல் பழுதற்றதா? புகழ்ந்துவிட்டுப் போவது எளிது; எடைபோட்டுப் பார்ப்பதே நேர்மை. ஒவ்வொரு கூட்டத்திலும் இருவர் மட்டுமே இருந்தனர். இருவர் தேறுவது தற்செயலாகவும் நடக்கலாம். யாருக்கு எது என்பதை லிண்டே முடிவு செய்தார். பன்னிருவரில் மிக மோசமாக இருந்த இருவருக்குத்தான் கடல்நீர் கொடுத்தார். மோசமானவர்களுக்குக் கொடுத்த மருந்து தோற்றால், குற்றம் மருந்தினுடையதா, நோயின் முற்றலினுடையதா? இந்தக் கேள்வி நியாயமானது. பழத்தின் பயன் மிகப் பெரிதாகவும், மிக விரைவாகவும் தெரிந்ததால்தான் இத்தனை சிறிய சோதனையிலும் உண்மை பளிச்சிட்டது. பயன் சிறிதாக இருக்கும் மருந்துகளுக்கு இருவர் போதார். நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரக்கணக்கில் வேண்டும். இதை மறந்துவிடக் கூடாது.

1748-இல் லிண்ட் கடற்படையை விட்டு வந்து, எடின்பரோ பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1753-இல் ஸ்கர்வியைப் பற்றி 400 பக்கத்துக்கு மேற்பட்ட நூலை வெளியிட்டார். அதில் பாராட்டத்தக்க வேலை ஒன்றுண்டு. அந்நோயைப் பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றைத் தேடித் தொகுத்து, கால வரிசைப்படி வைத்து, எது கண்டறிந்தது, எது கட்டிவிட்டது என்று சலித்தார். பலர் நோயைக் கண்ணாலும் காணாமலே எழுதியிருந்தனர் என்பதை எடுத்துக்காட்டினார். நமக்குப் பிடித்த ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடாமல், எல்லா ஏட்டையும் விரித்து வைத்துச் சலிக்க வேண்டும் என்ற முறை, இன்றைய மருத்துவ ஆராய்ச்சியின் அடித்தளங்களுள் ஒன்று.

நூலை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? ஆன்சனுக்கு! ஆயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அதே ஆன்சன், அப்போது கடற்படைத் தலைமைப் பீடத்தின் முதல்வர். இவரைக் காட்டிலும் அந்நோயின் கொடுமையை அறிந்தவர் யார்? இனிமேல் ஒவ்வொரு கப்பலுக்கும் எலுமிச்சை போகும் என்றுதானே எண்ணுவீர்கள்? போகவில்லை. ஓராண்டு, ஈராண்டு அல்ல. 42 ஆண்டுகள் போகவில்லை!

ஏன்? பழியை மேலிடத்தின் மீது மட்டும் போட்டுவிட முடியாது. லிண்டின் நூலிலேயே சிக்கல் இருந்தது. சோதனைக்கு அவர் கொடுத்த இடம் சில பக்கங்களே. மற்ற பக்கங்களில், ஈரக் குளிர் காற்று தோலின் துளைகளை அடைத்துவிடுகிறது, வியர்வை வெளியேறாமல் உடல் கெடுகிறது என்ற அக்காலக் கொள்கை கோலோச்சியது. கண்ட உண்மை ஒரு பக்கம் இழுத்தது. கற்ற கொள்கை மறுபக்கம் இழுத்தது. பழம் சிறந்த மருந்து என்றார்; ஆனால், பழம் இல்லாமையே நோய்க்குக் காரணம் என்ற இடத்துக்கு அவர் வந்து சேரவில்லை.

அதைவிடப் பெரிய தடுமாற்றம் ஒன்று உண்டு. பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருக்காது. ஆகவே, சாற்றைப் பிழிந்து, கொதிக்கவிடாமல் மணிக்கணக்கில் சூடேற்றிச் சுண்ட வைத்து, குழம்புபோல் ஆக்கிப் புட்டியில் அடைக்கச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால், அந்தச் சுண்டிய சாறு பழத்தைப் போலவே நோயைத் தீர்க்கிறதா என்று, பழத்தைச் சோதித்ததுபோல் சோதித்தாரா? சோதிக்கவில்லை. சூட்டில் சாற்றின் உயிரே போய்விட்டது என்பதை இன்று நாம் அறிவோம். வைட்டமின் சி சூட்டைத் தாங்காது. பழத்தின் புகழை நம்பிப் புட்டியை ஏற்றினர். புட்டி பயன் தரவில்லை. பழி பழத்தின் மேல் விழுந்தது. ஒன்றைச் சோதித்து மற்றொன்றை விற்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறகு வந்தார் காப்டன் குக். 1768 முதல் 1771 வரை உலகைச் சுற்றிய அவர் கப்பலில் ஸ்கர்வியால் உயிர்ச்சேதம் இல்லை. வெற்றிதான்! ஆனால், எதனால்? அவர் கப்பலில் முளைதானியக் கஷாயம் இருந்தது. ஊறவைத்த முட்டைக்கோசு இருந்தது. சுண்டிய சாறு இருந்தது. கரை கண்ட இடத்திலெல்லாம் கீரையும் காயும் பறித்துவரக் கட்டளை இருந்தது. எல்லாவற்றையும் எல்லாருக்கும் கொடுத்தபின், எது காத்தது என்று எப்படிச் சொல்வது? குக் முளைதானியக் கஷாயத்தைப் புகழ்ந்தார். மாக்பிரைடு என்ற மருத்துவர் 1764-இலேயே அந்தக் கஷாயத்துக்காக ஒரு கொள்கையை வகுத்து வைத்திருந்தார். ராயல் சங்கத்தின் தலைவராயிருந்த சர் ஜான் பிரிங்கிள் அதை ஆதரித்தார். குக்குக்கு 1776-இல் அச்சங்கத்தின் பதக்கம். கஷாயம் கோலாகலமாகக் கடலேறியது. அதில் வைட்டமின் சி இல்லாத குறைதான்! கொள்கை இருந்தது, கௌரவம் இருந்தது, பதக்கம் இருந்தது. ஒப்பீடு மட்டும் இல்லை.

இதற்கிடையே என்ன நடந்தது? 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போருக்குக் கடற்படையில் சேர்க்கப்பட்டோர் 1,84,899 பேர் என்றும், சண்டையில் மாண்டோர் 1,512 பேர் என்றும், நோயாலும் காணாமற்போயும் குறைந்தோர் 1,33,708 பேர் என்றும் அந்நாளில் ஒரு கணக்கு அச்சாயிற்று. இந்தக் கணக்கை மேடையில் சொல்வோர், எல்லாரும் நோயில் மாண்டதாகச் சொல்லிவிடுவது வழக்கம். அப்படிச் சொல்லக் கூடாது. கொடுமை தாளாமல் ஓடிப்போனவர்களும் அதில் அடக்கம். எண் நம் பக்கம் பேசும்போதும், அது எதை எண்ணியது என்று கேட்பதே நேர்மை. இந்தக் கழிவைக் கழித்த பின்னும், நோய் பீரங்கியைவிடப் பன்மடங்கு பெரிய கொலைகாரன் என்பது மாறவில்லை.

லிண்ட் 1758-இல் கோஸ்போர்ட்டில் இருந்த ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனையின் தலைமை மருத்துவரானார். 25 ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கப்பல்களைத் தூய்மையாக வைப்பது, புதிதாய் வருவோரைக் குளிப்பாட்டி நல்ல உடை தருவது, கடல்நீரை ஆவியாக்கிக் குடிநீராக்குவது என்று பலவற்றை வற்புறுத்தினார். ஸ்கர்வி நூலின் மூன்றாம் பதிப்பு 1772-இல் வந்தது. அதிலும் பழம்தான் மருந்து, மற்றவற்றை விடுங்கள் என்ற உறுதியான குரல் ஒலிக்கவில்லை. மேலிடத்துச் செல்வாக்கும் அவருக்குப் பெரிதாக இல்லை. மருத்துவமனைக்கோ கப்பல் கப்பலாக நோயாளிகள் வந்துகொண்டிருந்தனர். 1780-ஆம் ஆண்டு மட்டும் அங்கே சேர்ந்த ஸ்கர்வி நோயாளிகள் 1,457 பேர்.

அவர் 1783-இல் ஓய்வு பெற்றார். பதினொரு ஆண்டுகள் கழித்து, 1794 ஏப்ரலில், சஃபோக் என்ற போர்க்கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. இம்முறை சுண்டக் காய்ச்சிய சாறு அல்ல; காய்ச்சாத எலுமிச்சைச் சாறு ஏற்றப்பட்டது. மாலுமிகளின் மதுவோடும் சர்க்கரையோடும் நாள்தோறும் அளந்து ஊற்றப்பட்டது. எங்கும் கரை தொடாமல் 23 வாரப் பயணம். சிலருக்கு நோய்க்குறி தென்பட்டது, சாற்றின் அளவைக் கூட்டினர், மறைந்தது. அந்தக் கப்பல் ஸ்கர்வியை வென்று நங்கூரம் பாய்ச்சிய இடம் எது தெரியுமா? நம் சென்னைத் துறை! 1794 செப்டம்பரில், நம் கரையோரத்தில்தான் அந்த நெடுங்கால வழக்கின் தீர்ப்பு எழுதப்பட்டது. ஆனால், லிண்ட் அதைக் கேட்கவில்லை. கப்பல் நடுக்கடலில் இருந்தபோதே, 1794 ஜூலை 13-ஆம் நாள், கோஸ்போர்ட்டில் அவர் கண் மூடிவிட்டார்.

1795-இல், கில்பர்ட் பிளேன் என்ற செல்வாக்குள்ள மருத்துவர் முதலியோரின் வற்புறுத்தலால், கடற்படை எலுமிச்சைச் சாற்றை ஏற்றது. பிறகு நடந்ததைப் பாருங்கள். 1780-இல் 1,457 ஸ்கர்வி நோயாளிகளைச் சேர்த்த அதே ஹாஸ்லர் மருத்துவமனையில், 1806-இல் சேர்ந்தவர் ஒரே ஒருவர்! இடையில் கழிந்த 42 ஆண்டுகளில் மாண்ட மாலுமிகளுக்கு யார் பதில் சொல்வது?

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மத்தியதரைக் கடல் நாடுகளின் பெரிய எலுமிச்சைக்குப் பதிலாக, மேற்கிந்தியத் தீவுகளில் விளைந்த சிறு எலுமிச்சையின் சாற்றைக் கடற்படை வாங்கத் தொடங்கியது. அது நாம் ஊறுகாய் போடும் இனம். புளிப்பு இரண்டுக்கும் உண்டு. வைட்டமின் சி சிறியதில் குறைவு. வைத்துப் பதப்படுத்தும்போது இன்னும் குறைந்துபோகும். புளிப்புத்தான் மருந்து என்று நினைத்தவர்களுக்கு வேற்றுமை தெரியவில்லை. 1875-இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் குழு, சாறு இருந்தும் ஸ்கர்வியில் சிக்கியது. சாறே பயனற்றது என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. நோய் தீர்க்கும் பொருள் இன்னதென்று 1932-இல் அறிந்த பிறகே ஐயம் முழுதும் அகன்றது.

லிண்ட் மாட்டிய தராசைச் செப்பம் செய்தவர்கள் பின்னால் வந்தார்கள். 1948-இல், காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய சோதனையின் முடிவு வெளியாயிற்று. யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞரின் ஏற்பாட்டில், குலுக்கல் போன்ற முறையில் முடிவாயிற்று. லிண்ட் மோசமானவர்களுக்குக் கடல்நீர் கொடுத்தாரே, அந்தக் குறைக்கு மருந்து இந்தக் குலுக்கல்! ஆறு மாதத்தில், படுக்கை ஓய்வோடு மருந்தும் பெற்ற 55 பேரில் மாண்டோர் 4. ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் மாண்டோர் 14.

அந்தத் தராசு சென்னைக்கும் வந்தது. காசநோயாளி என்றால் மலைக்காற்று வேண்டும், மருத்துவ விடுதியில் படுக்கை வேண்டும், பாலும் முட்டையும் வேண்டும் என்பது அந்நாளைய நம்பிக்கை. ஏழைத் தொழிலாளி எங்கே போவான்? 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், நகரின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாரார் விடுதியில். மறு சாரார் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. 1959-இல் வந்த முடிவு உலகை வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. விடுதிப் படுக்கை கிடைக்காத கோடிக்கணக்கான ஏழைகளுக்கு வீட்டிலேயே வைத்தியம் என்ற வழி, நம் சென்னைக் குடிசைகளிலிருந்து உலகுக்குச் சென்றது.

2020-இல் கொரோனா கொடுமை வந்தபோதும் இந்தத் தராசுதான் வழிகாட்டியது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் காக்கும் என்று ஆட்சித் தலைவர்களே முழங்கினர். பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தனர். மருத்துவமனையில் இருந்தவர்களை அது காக்கவில்லை. டெக்சாமெத்தசோன் என்ற மலிவான பழைய மருந்தோ, மூச்சுத் திணறிச் செயற்கைச் சுவாசம் பெற்றவர்களிடையே சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. முழக்கம் தோற்றது, கணக்கு வென்றது!

தோழர்களே! உழைத்துச் சேர்த்த காசைப் புட்டிக்கும் பொடிக்கும் கொடுக்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் கடினமானவை அல்ல. எதனோடு ஒப்பிட்டீர்? எத்தனை பேரிடம்? யாருக்கு எது என்று யார் முடிவு செய்தது? தேறியவரைச் சொன்னீர், தேறாதவர் எங்கே? சோதித்தது இதையா, இதைப் போன்ற வேறொன்றையா? மேனாட்டு மருந்தானாலும் சரி, பாட்டன் காலத்து மருந்தானாலும் சரி, சொல்பவர் பட்டதாரியானாலும், பத்திரிகை விளம்பரமானாலும், நாமே மதிக்கும் தலைவரானாலும் சரி, கேள்வி ஒன்றே. அதைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியைத் தமக்குள் தாமே நாள்தோறும் கேட்டுக்கொள்பவர்.

சாலிஸ்பரி கப்பலின் அந்தப் பன்னிருவர் பெயரை லிண்ட் தம் நூலில் எழுதிவைக்கவில்லை. எழுத்தறியாத ஏழை மாலுமிகள் பலர் அவர்களில் இருந்திருக்கக்கூடும். மருத்துவப் பேரறிஞர்கள் ஏடு ஏடாக எழுதித் தீர்க்காத வழக்கை, ஆறு நாளில் தங்கள் உடலால் தீர்த்துவைத்தவர்கள் அவர்கள். அந்தத் தீர்ப்பை மதிக்க உலகம் 48 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இனி ஒரு தீர்ப்பு அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம். கேட்போம், எடைபோடுவோம், பிறகு நம்புவோம்!